பன்றியைக் காட்டுவது பாதி வேலைதான்: செம்பனைத் தோட்டத்தில் நல்ல வேட்டை வழிகாட்டி ஆக என்ன தெரிய வேண்டும்?

மறுநடவு செய்த செம்பனை நிலத்தில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் என்ன செய்துவிட்டுப் போகும் என்று தோட்டத்தில் வளர்ந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். இளங்கன்றுகள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். பன்றிக்கு வேண்டியது கன்றின் நடுவே இருக்கும் வெள்ளைக் குருத்து மட்டும்தான். அதைத் தின்றுவிட்டு மீதியை அப்படியே போட்டுவிட்டு அடுத்த கன்றுக்குப் போய்விடும்.

சேதம் அளவு மீறும்போது துப்பாக்கி உரிமம் உள்ள வேட்டைக்காரர்களைத் தோட்டத்துக்கு வரவழைப்பார்கள். பெரும்பாலும் பட்டணத்திலிருந்து வருவார்கள். துப்பாக்கி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் லயம் இருக்கிறது, எந்தப் பாலம் உடைந்து கிடக்கிறது, யாருடைய மாடு இரவில் கட்டாமல் திரிகிறது என்பதெல்லாம் தெரியாது. அதனால் அவர்களுக்கு முன்னால் ஒருவர் நடக்கிறார். தோட்டத்தில் பிறந்தவராகவோ, அங்கே பல வருடம் வேலை செய்தவராகவோ இருப்பார். வேட்டை வழிகாட்டி என்று அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "அண்ணே, நீங்க முன்னால போங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

பன்றி இருக்கும் இடத்தைக் காட்டினால் அவர் வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் பன்றியைத் தவிர அங்கே வேறு என்ன இருக்கிறது என்று தெரிந்தவராலேயே எல்லாரையும் பத்திரமாக வீட்டுக்குத் திரும்ப அழைத்து வர முடியும்.

பன்றி ஏன் இவ்வளவு?

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? இங்கேதான். பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லும் இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் நடவைத் தொடங்கினார். (இதே மனிதர் பிறகு மலாயா வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். தோட்ட முதலாளிகளில் இப்படியும் ஒருவர்!)

காட்டு மரங்கள் சில பருவங்களில்தான் காய்க்கும். செம்பனை வருடம் முழுவதும் பழம் தருகிறது. உதிரிப் பழம் தரையில் கிடக்கும், மட்டை அடுக்குகளுக்கு அடியில் புழு கிடைக்கும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும். போதாததற்கு, பகலில் போய் ஒளிந்துகொள்ள ராஜா மூசா காட்டைப் போன்ற சதுப்புக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு ஈற்றில் 4 முதல் 8 குட்டி வரை போடும் விலங்குக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது.

இது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. நெகிரி செம்பிலானில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பாசோ காட்டில் 1996இல் ஆய்வாளர் காலன் இக்கெஸ் கணக்கெடுத்தபோது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் இருந்தன. 1998இல் அது 27 ஆனது. அதுவும் மிக அதிகமான அடர்த்திதான். பன்றியை அடித்துத் தின்னும் புலியோ, தீபகற்பம் முழுவதிலும் 150க்கும் குறைவு என்று 2022இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. கோல சிலாங்கூர் தோட்டங்களில் இன்று பன்றிக்கு முக்கிய எதிரி மனிதன்தான்.

மண்ணைப் படிப்பது

தடம் பார்ப்பதுதான் முதல் பாடம். பன்றிக்கு முன்னால் இரண்டு குளம்பு, பின்னால் கொஞ்சம் மேலே இரண்டு சின்னக் குளம்பு. ஈர மண்ணில் நடந்தால் அந்தப் பின்குளம்பு இரண்டும் சேர்ந்தே பதியும், அதுவும் முன்குளம்பைவிட அகலமாக விலகி. ஆட்டுத் தடத்தில் அது அவ்வளவு சுலபமாகப் பதியாது. மாட்டுத் தடம் பெரியது, உருண்டையானது. வீட்டில் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தடம் எப்போது விழுந்தது என்பது அடுத்த பாடம். நேற்று மாலை ஆறு மணிக்கு மழை விட்டது என்று வைத்துக்கொள்வோம். தடத்தின் ஓரம் மழையில் கரையாமல் கூர்மையாக இருந்தால் பன்றி அதற்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும். தடத்துக்குள் தேங்கிய தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தால் போய் அதிக நேரம் ஆகவில்லை. ஆகவே வழிகாட்டிக்கு மழை நின்ற மணி நினைவிருக்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் நேற்று உங்கள் ஊரில் மழை எத்தனை மணிக்கு விட்டது?

மண்ணும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஜெராம் பக்கம் கடலோரக் களிமண். அதில் தடம் அச்சுப்போல் பதிந்து பல நாள் நிற்கும். ராஜா மூசா பக்கம் கரிச்சதுப்பு. அங்கே கால் வைத்த இடமெல்லாம் அமுங்கித் தண்ணீர் ஊறிவிடும், தடத்தின் உருவமே நிற்காது. அங்கே வேறு அடையாளம் தேட வேண்டும். பன்றி சேற்றில் புரண்டுவிட்டு மரத்தில் உடம்பைத் தேய்க்கும். செம்பனை அடிமரத்தில் ஒட்டிய அந்தச் சேறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் விலங்கின் உயரம் தெரியும். சேறு ஈரமாக இருக்கிறதா, காய்ந்து உதிர்கிறதா என்று பார்த்தால் நேரம் தெரியும்.

பிறகு காற்று. பன்றிக்குக் கண் சுமார்தான். மூக்கும் காதும்தான் அதன் பலம். உங்கள் வாடை அதற்குப் போய்ச் சேர்ந்தால் நீங்கள் அதைப் பார்க்கப் போவதே இல்லை. கோல சிலாங்கூர் கடலோர ஊர் என்பதால் இங்கே ஒரு சங்கதி உண்டு. பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு, அதாவது மேற்கிலிருந்து வீசும். பொழுது சாய்ந்ததும் அடங்கும். இரவு ஏற ஏறத் திசை மாறி, நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லப் போகும். மாலை ஐந்து மணிக் காற்றைப் பார்த்து ஆட்களை நிறுத்தினால் இரவு பத்து மணிக்கு எல்லாருடைய வாடையும் பன்றி பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஒரு சிட்டிகை முகப்பவுடரைத் தூவிப் பார்த்தாலே காற்று போகும் திசை தெரிந்துவிடும்.

கோடு போட்ட குட்டி யாருடையது?

வட சிலாங்கூர் சதுப்புக் காட்டையொட்டிய பகுதிகளில் தாப்பிர் உண்டு. முன்பாதி கறுப்பு, நடுவில் வெள்ளைப் போர்வை. வளர்ந்த தாப்பிரைப் பகலில் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட அடையாளம் சொல்லும். சிக்கல் குட்டியில்தான். தாப்பிர் குட்டிக்குப் பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் இருக்கும். பன்றிக் குட்டிக்கும் முதல் சில மாதங்கள் கோடு இருக்கும். இரவில், புல்லுக்கு நடுவில், டார்ச் வெளிச்சத்தில் ஒரு வினாடி மட்டும் கோடு போட்ட உடம்பு தெரிந்தால் அது எது?

வழிகாட்டி அந்த ஒரு வினாடியை நம்பமாட்டார். பகலிலேயே வந்து தடம் பார்த்திருப்பார். தாப்பிருக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. விரித்து வைத்த பூ மாதிரி பதியும். அந்தத் தடம் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த பிளாக்கில் அன்றைக்கு வேட்டை கிடையாது. தாப்பிர் முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. தெரியாமல் சுட்டுவிட்டோம் என்று பிறகு சொல்வதால் செத்த விலங்கு எழுந்து வராது, வழக்கும் போகாது. 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது அதிகபட்ச அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறைத்தண்டனையை 15 ஆண்டு வரையிலும் உயர்த்தியிருக்கிறார்கள்.

வரிசையின் மறுமுனையில் யார்?

பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தியை நம் நாட்டில் நாம் ஒருமுறை மட்டும் படிக்கவில்லை. வேட்டைக்குப் போன நண்பரே நண்பரின் குண்டுக்கு இரையான கதைகளும் உண்டு. வழிகாட்டியின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். ஒரு ஹெக்டருக்கு 140 மரம் போல வரும். முக்கோண நடவில் ஒரு மரத்தடியில் நின்று பார்த்தால் மூன்று திசைகளில் நேர்க்கோடாகப் பாதை திறந்திருக்கும். வேட்டைக்காரருக்கு அது வசதி, தூரம் வரை தெரியும். குண்டுக்கும் அதே வசதி. ஒரு தோட்டாவுக்குள் பல ஈயக் குண்டுகள் இருக்கும். பன்றியில் படாத குண்டு மரத்தில் மோதி நிற்கலாம், நிற்காமல் வரிசை நெடுகப் போகவும் செய்யலாம். அந்த வரிசையின் கடைசியில் லயம் இருக்கிறதா, சாலை இருக்கிறதா, கோயில் இருக்கிறதா? இதை மனதில் வரைபடமாக வைத்திருப்பவர் வழிகாட்டி மட்டுமே.

இரவில் தோட்டம் காலியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் தோட்டத்தில் வாழாதவர்கள். வாய்க்காலில் தூண்டில் போட வருபவர்கள் இருப்பார்கள். பழத்திருட்டைப் பிடிக்க ரோந்து போகும் காவலாளி இருப்பார், திருட வந்தவரும் இருக்கலாம். பெரட்டுக்கு முன்பே விடியற்காலையில் நடக்கத் தொடங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருப்பார்கள். தவிர, மாடுகள். டார்ச் வெளிச்சத்தில் மாட்டுக் கண் பளிச்சென்று மின்னும். அதைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தூக்குபவரின் தோளைத் தொட்டு, "அண்ணே, வேணாம். அது மாடு" என்று சொல்லும் தைரியம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவர் வயதில் பெரியவராக, பணக்காரராக, தோட்ட மேனேஜருக்கு வேண்டப்பட்டவராகக்கூட இருப்பார். இருந்தாலும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தடம் பார்ப்பதைவிட இதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன். பெரியவர்களிடம் "கூடாது" என்று சொல்ல நம்மை யாரும் வளர்ப்பதில்லையே.

ஆகவே அனுபவசாலிகள் அந்தப் பேச்சை வேட்டைக்கு முன்பே முடித்துவிடுவார்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் ஆட்களை எண்ணுவார்கள். யார் எந்த மரத்தடியில் நிற்கிறார், எந்தத் திசையில் மட்டும் சுடலாம் என்று ஒவ்வொருவருக்கும் காட்டுவார்கள். தான் வந்து கூப்பிடும்வரை யாரும் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது, ஒன்றுக்குப் போவதென்றாலும் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரை அன்றைக்குக் கூட்டிப்போகமாட்டார்கள்.

குண்டடிபட்ட பன்றி இன்னொரு ஆபத்து. அது மட்டை அடுக்குக்குள்ளோ புதருக்குள்ளோ போய்ப் படுத்துக்கொள்ளும். பின்னாலேயே ஓடினால் பாயும். ஆண் பன்றியின் கோரைப்பல் மனிதனின் தொடை உயரத்துக்குத்தான் வரும், தொடையில்தான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. நல்ல வழிகாட்டி கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு ரத்தச் சொட்டைப் பார்த்து மெதுவாகப் போவார், ஆனால் போகாமல் விடமாட்டார். அடிபட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குபவரை இந்த வேலையில் யாரும் மதிப்பதில்லை.

யாருக்காவது காயம்பட்டால்? 999க்கு அழைத்து "நாங்க எஸ்டேட் உள்ள இருக்கோம்" என்றால் ஆம்புலன்ஸ் எங்கே வரும்? பழத்திருட்டைத் தடுக்கப் பல தோட்டங்களில் வழியெங்கும் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், குழி வெட்டியிருக்கிறார்கள். இரவில் எந்த கேட் திறந்திருக்கும், சாவி யாரிடம் இருக்கிறது, வண்டி எந்தப் பாலம் வரை வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். போன் சிக்னல் கிடைக்கும் மேட்டையும் சேர்த்துத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் தரும் உரிமம் இல்லாமல் அதை வேட்டையாடக்கூடாது. துப்பாக்கிக்குக் காவல்துறை தரும் உரிமம் தனி. தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி தனி, அது எழுத்தில் இருந்தால் நல்லது. வழிகாட்டி இந்த மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். உரிமம் இல்லாதவருக்கு வழிகாட்டினால் அவருடைய வம்பு உங்களுடைய வம்பாகவும் ஆகிவிடும்.

கம்பிக் கண்ணி வைப்பது குற்றம். "பன்றிக்குத்தானே வெச்சேன்" என்று கம்பியிடம் சொல்லி வைக்க முடியாது. தாப்பிர், கரடி, நாய், கன்றுக்குட்டி எது கால் வைத்தாலும் இறுக்கும். பக்காக்குக் என்று சொல்லப்படும் வீட்டுத் தயாரிப்புத் துப்பாக்கி இன்னும் மோசம். உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருப்பவருக்கு 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கலாம்.

பூர்வகுடி மக்களுக்கு மட்டும் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. பன்றி, சருகுமான் உட்படச் சில விலங்குகளைத் தங்கள் குடும்பச் சாப்பாட்டுக்காக அவர்கள் வேட்டையாடலாம், விற்கக்கூடாது.

நோயையும் மறக்கக்கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியாகி, பிறகு தீபகற்பத்துக்கும் வந்தது. மனிதருக்கு அது தொற்றாது. ஆனால் வேட்டைக்குப் போட்ட பூட்ஸைக் கழுவாமல் பன்றிப் பண்ணைக்குள் போனால் அங்கிருக்கும் மொத்தப் பன்றியும் சாகலாம். காட்டில் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்ல வேண்டும். அறுக்கும்போது கையுறை அவசியம், எலிக் காய்ச்சல் கிருமி காட்டுப்பன்றியிலும் இருக்கக்கூடும்.

ஃப்ளோரிடாவுக்குப் போன இரண்டு இருளர்கள்

இதையெல்லாம் எங்கே படிக்கலாம்? சில நாடுகளில் பரீட்சையே உண்டு. ஜிம்பாப்வேயில் தொழில்முறை வேட்டை வழிகாட்டி ஆக வேண்டுமென்றால் முதலில் எழுத்துத் தேர்வு, அப்புறம் அனுபவசாலி ஒருவரிடம் சில வருடப் பயிற்சி, கடைசியில் காட்டிலேயே பல நாள் நடக்கும் செய்முறைத் தேர்வு. ஜெர்மனியில் வேட்டையாடுபவர் ஒவ்வொருவரும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

பரீட்சை எழுதாமலே உலகம் அழைத்த தமிழர்கள் கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஆசியாவிலிருந்து போய்ப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பு பெரிய தலைவலி. 2016இல் அங்கே மாநில அளவில் ஒரு மாதம் போட்டி வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டு பிடித்தது 106 பாம்பு. மறுவருடம் ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் சமூகத்தினர் இருவரை மொழிபெயர்ப்பாளர்களோடு வரவழைத்தார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்பைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

எப்படி? மற்றவர்கள் சாலையிலும் கரையிலும் வண்டியில் போய்ப் பாம்பைத் தேடினார்கள். இவர்கள் இறங்கிப் புதருக்குள் மெதுவாக நடந்தார்கள். பாம்பைத் தேடவில்லை, பாம்பு போன அடையாளத்தைத் தேடினார்கள்: அழுந்திய புல், எச்சம், உரித்த தோல். ஊர் புதிது, பாம்பும் புதிது. கண் மட்டும் பழையது.

இருளர்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காக வேட்டையாடினார்கள். இந்தியாவில் 1970களில் சட்டம் அதைத் தடை செய்தபோது பிழைப்பு போனது. 1978இல் சென்னைக்கு அருகே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் வேலைக்கு அவர்கள் மாறினார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. 2023இல் சடையனுக்கும் கோபாலுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இங்கே எந்தக் கதவு திறந்திருக்கிறது?

மலேசியாவில் வழிகாட்டி உரிமம் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. நீல பேட்ஜ் ஊர் சுற்றிக் காட்டுபவர்களுக்கு, பச்சை பேட்ஜ் இயற்கை வழிகாட்டிகளுக்கு. இரண்டுமே வேட்டைக்கானவை அல்ல. ஆனால் மேலே சொன்ன திறமைகளில் பெரும்பாலானவை பச்சை பேட்ஜுக்கு அப்படியே பொருந்தும். பயிற்சி வகுப்புக்குப் போய்த் தேர்ச்சி பெற வேண்டும்.

கோல சிலாங்கூரில் அதற்கு வேலை இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகம் 1987இல் உருவாக்கிய இயற்கைப் பூங்கா இருக்கிறது. புக்கிட் மலாவத்தியில் வெள்ளி முடிக் குரங்குகள் இருக்கின்றன. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினிகளைக் காட்டும் படகோட்டிகளைக் கவனித்தால் வேட்டை வழிகாட்டியின் அதே பழக்கம் தெரியும். சத்தமில்லாமல் துடுப்புப் போடுவார்கள். யாராவது பிளாஷ் அடித்தால் மரியாதையாக, ஆனால் உடனே நிறுத்தச் சொல்வார்கள்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடியேறியதில் பிளாக் எண்ணும் வாய்க்கால் பெயரும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ மாமாவோ இருந்தால், மழை விட்ட மறுநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரம் நடந்து பாருங்கள். துப்பாக்கி வேண்டாம். போன் கேமராவும், அளவு காட்ட ஒரு ஸ்கேலும் போதும். முதல் தடத்தில் பின்குளம்பு பதிந்திருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.